காய்ந்த ஸ்பூன்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம் உங்கள் தங்கை, "அண்ணன் இப்பதான் கடைக்குப் போச்சு" என்கிறாள். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்துக்கு அப்படி என்ன கடை என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் போனுக்கு வரமாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டு கடைக்கு ஓட முடியாது பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் மகள் முன்னால் என்னைப் பார்த்து, "அண்டா கழுவத்தான் போற, போ" என்றீர்கள். உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வெளிநாடு வந்தும் அண்டாதான் கழுவுகிறேன். ஆஸ்பத்திரிச் சமையலறை. ஐந்நூறு பேருக்கு மூன்று வேளை. ஒவ்வொரு அண்டாவும் நான் உள்ளே இறங்கி நின்று தேய்க்கிற அளவு. முட்டி வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, காதில் எந்நேரமும் தட்டு வண்டிகளின் சத்தம். நம் மில் கேன்டீன் அடுப்படியை இதன் ஒரு மூலையில் வைத்தால் அது இருக்கிற இடம் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் இங்கே சமையல்காரர் பரீட்சை நடக்கிறது. உதவியாளாக இருக்கிறவன் அதில் தேறினால் சமையல்காரன். சமையல்காரனுக்குத்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி. தேறாவிட்டால் வருட முடிவில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். உங்கள் தங்கையும் பொடிசும் இங்கே வருவதும் வராததும் அந்த ஒரு நாளில் இருக்கிறது. நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, நான் அதை எழுதாமல் விடமாட்டேன்.

கேன்டீன் எப்படி நடக்கிறது?

மாப்பிள்ளை


மார்ச் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேன்டீன் மிக ஜோராக நடக்கிறது. நீங்கள் இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை.

மில்லில் அறுநூறு பேருக்கு ஆண்டு விருந்து. அதற்கு நாலு நாள் முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள். நான் சொன்ன ஒரு சொல் மட்டும் மூன்று மாதமாக உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது. எட்டு வருடம் ஒரே அடுப்பில் நின்ற மனிதனை அம்போ என்று விட்டுவிட்டுப் போனது ஞாபகத்தில் இல்லை. இருக்கட்டும்.

நீங்கள் பரீட்சையில் ஜெயித்தால் என் தங்கையும் குழந்தையும் விமானம் ஏறிப் போய்விடுவார்கள். அதற்கு நான் உட்கார்ந்து வாழ்த்த வேண்டும். அப்படித்தானே? எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. பரீட்சையைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

குழந்தைக்கு முன் பல் ஒன்று விழுந்தது. இன்னொன்று ஆடுகிறது.

தொழில் என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே எந்த நாட்டுக்காரன் என்ன சொன்னாலும் அடுப்பில் இருப்பதை வாயில் வைக்காதீர்கள். சாப்பிட வருகிறவன் வாய்க்குப் போகுமுன் சமைக்கிறவன் வாய்க்குப் போகக் கூடாது. நம் அடுப்பில் அந்த ஒழுக்கத்தை எட்டு வருடம் காப்பாற்றினோம். அதையும் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஏப்ரல் 18

மச்சானுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் என்னைக் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனவர், இப்போது 'அவர்கள்'. கோபம் எனக்குத் தெரிகிறது. சரி, பரீட்சையை விட்டுவிடுகிறேன். சோற்றைப் பற்றிப் பேசலாமா?

இங்கே நாங்கள் ஒன்பது பேர், ஆறு நாட்டுக்காரர்கள். வியாழக்கிழமைகளில் ஊழியர் சாப்பாட்டை ஆள் மாற்றி ஆள் சமைக்கிறோம். மச்சான், ஒரு படி அரிசியை வைத்து ஆறு நாட்டுக்காரர்களும் ஆறு விதமாகச் சண்டை போடுகிறார்கள். ஒருத்தி அரிசியை எண்ணெயில் வறுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். ஒருவன் குழைத்துக் களி மாதிரி ஆக்கிக் கையால் உருட்டுவான். நான் கஞ்சி வடித்ததைப் பார்த்து, "சத்தையெல்லாம் சாக்கடையில கொட்டுறியே பாவி" என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் ரொட்டிக்காரர், என் அறைக்கூட்டாளி. முப்பது வருடத்துக்கு முன் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர், மனைவி இறந்தபின் தனியாள். அவர் பக்குவத்தில் சோறு வடிக்காமல் உதிரி உதிரியாக வந்தது. சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

நல்ல சேதி, அண்டா கழுவுவது போய்விட்டது. சூப் அடுப்பில் நிற்கிறேன். தலைமைச் சமையல்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'தராசு'. உப்பிலிருந்து மிச்சம் வரை எடை போடாமல் அந்த அம்மாள் எதையும் நம்ப மாட்டாள். ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு ருசித் தாள் உண்டு. கரண்டியால் எடுத்து ஸ்பூனில் ஊற்றி, ஸ்பூனை வாயில் வைத்துப் பார்த்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பயப்படாதீர்கள். நான் வாயில் வைக்கவில்லை. ஆவியில் முகத்தைக் காட்டி மூக்கால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, வெந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இன்றுவரை ஓர் அண்டாகூடத் தப்பாகப் போனதில்லை. உங்கள் ஒழுக்கம் பத்திரமாக இருக்கிறது.

மாப்பிள்ளை


ஜூன் 11

மச்சான்,

உங்கள் பதில் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இதைப் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை தராசு என் அடுப்பருகே வந்தாள். ருசித் தாளைப் பார்த்தாள். என் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்பூனை எடுத்தாள். விரலால் தடவினாள். "காஞ்சிருக்கே" என்றாள். ஸ்பூன் டப்பாவில் இருந்த பன்னிரண்டு ஸ்பூன்களையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பன்னிரண்டும் காய்ந்திருந்தன. பிறகு இரண்டு மாதத்துத் தாள்களை எடுத்துவரச் சொன்னாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் விளக்கினேன். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஒன்று கேட்டாள்: "நோயாளிக்குப் போற சாப்பாட்டுல பொய்க் கையெழுத்துப் போட உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று சொல்லவில்லை. என்னை அடுப்பை விட்டு இறக்கிவிட்டார்கள். மறுபடி அண்டா. பரீட்சைப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டாள். வருட முடிவில் திரும்பி வருகிறேன், சந்தோஷமா?

ஊர் உலகத்தில் சமைக்கிற ஒவ்வொருவனும் ருசி பார்க்கிறான் மச்சான். ஆறு நாட்டுக்காரனும் பார்க்கிறான். ரொட்டிக்காரர் பச்சை மாவைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உங்களை நம்பி நான் ஒருவன்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உங்கள் தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.


ஜூன் 28

மாப்பிள்ளை,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு ருசி தெரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த காய்ச்சல் உனக்கு ஞாபகம் இருக்கும். இருபது நாள் படுத்தேன். எழுந்தபோது நாக்கும் இல்லை, மூக்கும் இல்லை. மண்ணும் சர்க்கரையும் எனக்கு ஒன்றுதான். என் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று எழுதியிருந்தாய், போட்டாலும் தெரியாதடா. வந்துவிடும் வந்துவிடும் என்று ஒரு வருடம் பார்த்தேன். வரவில்லை. அந்த நேரத்தில்தான் மில் கேன்டீன் கிடைத்தது. நாக்கு செத்த சமையல்காரனிடம் எவன் சாப்பிடுவான்? "சமைக்கிறவன் ருசி பார்க்கக் கூடாது" என்று ஒரு சட்டம் போட்டேன். யாரும் என்னைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதில் ஒழுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ அதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொண்டாய்.

பிறகு எப்படிச் சமைத்தேன் என்று கேட்பாய். அளவுப்படி போடுவேன். கொதிக்கிற சத்தம் கேட்பேன். அப்புறம் நீ அடுப்பருகே வந்து மூக்கை உறிஞ்சுவாய். உன் முகத்தைப் பார்ப்பேன். புருவம் சுருங்கினால் இன்னும் ஒரு கை உப்பு. முகம் மலர்ந்தால் இறக்கு. எட்டு வருடம் உன் முகத்தைப் பார்த்துத்தான் சமைத்தேன். பெயர் எனக்கு, மூக்கு உன்னுடையது.

நீ போகிறேன் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. போகாதே, நீ இல்லாமல் எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அண்டா கழுவத்தான் போகிறாய் என்று வந்தது. கேன்டீன் ஜோராக நடக்கிறது என்று எழுதியதும் பொய். விருந்தன்று அறுநூறு பேரும் முகத்தைச் சுளித்தார்கள். பாதிப் பேர் இப்போது வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டு வருகிறார்கள்.

நான் செய்தது துரோகம். உன்னைக் கண்ணைக் கட்டி அடுப்பருகே நிறுத்திவிட்டேன். போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல். என் மானத்தைக் காப்பாற்ற வேண்டாம். எனக்கு ருசி தெரியாது என்று அவள் முன்னால் உரக்கச் சொல். அப்புறம் ஸ்பூனை எடுத்து வாய் நிறைய ருசி பாரடா. என் தங்கை அங்கே வர வேண்டும்.

மச்சான்


ஆகஸ்ட் 3

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருடம் பக்கத்தில் நின்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. அறையில் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்புறம், ஒன்பது வருடம் எதையும் ருசிக்காமல் நீங்கள் சாப்பிட்ட சோற்றை நினைத்தேன். உங்கள் தங்கை கல்யாண விருந்தில், "பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டீர்கள். அழுதுவிட்டேன் மச்சான். ரொட்டிக்காரர் பயந்துபோய் தண்ணீர் கொண்டு வந்தார்.

அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு தராசிடம் போனேன். என் அரைகுறைப் பேச்சை அவர் திருத்தி அவளுக்குப் புரியும்படி சொன்னார். உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்து எல்லாம் சொன்னேன். அவள் ஐந்து சட்டிகளில் சூப் கொண்டுவரச் சொன்னாள். எதில் உப்பு இல்லை, எதில் அதிகம் என்று மூக்கால் சொல்ல வேண்டும். ஐந்தையும் சரியாகச் சொன்னேன். ரொட்டிக்காரர் கை தட்டினார். அவள் தட்டவில்லை. "உன் மூக்கை நான் சந்தேகப்படல. உனக்குச் சளி பிடிச்சா நோயாளி என்ன பண்ணுவான்?" என்றாள்.

எட்டு வருடத்தில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

ஒரு மாதம் தந்தாள். நீலச் சீட்டு அடுப்பில். இங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். வெள்ளை என்றால் சாதாரணச் சாப்பாடு, மஞ்சள் என்றால் சர்க்கரை இல்லாதது, நீலம் என்றால் உப்பே இல்லாதது. நீலத் தட்டுகள் போனபடியே திரும்பி வரும். அந்த அடுப்புக்கு யாரும் போக மாட்டார்கள்.

முதல் நாள் ஸ்பூனை வாயருகே கொண்டு போனேன். ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. வைத்துப் பார்த்தேன். ஐயோ மச்சான்! மூக்குக்கு மணமாக இருந்தது, நாக்குக்கு வெந்நீர். மூக்கு என்னை ஏமாற்றிவிட்டது. இத்தனை நாள் இதையா மனிதர்களுக்குக் கொடுத்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து ருசி பார்த்தே மாற்றினேன். வெங்காயத்தைச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வதக்கினேன். தக்காளியைத் தீயில் சுட்டுத் தோலோடு அரைத்தேன். பூண்டை ரொட்டிக்காரரின் அடுப்பில் சுட்டேன். இறக்கிய பிறகு எலுமிச்சை. அரிசியை வறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற அந்தப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொண்டேன். வறுத்த அரிசிக்கு உப்பே தேவைப்படவில்லை. தாளில் 'சரி' என்று எழுதுவதை விட்டேன். 'புளிப்பு தூக்கல், இன்னும் வதங்க வேண்டும்' என்று நாக்கு சொன்னதை எழுதினேன்.

மிச்சத்தைத் தராசு தினமும் எடை போடுவாள் அல்லவா? நான் போன அன்று நீலத் தட்டுகளில் திரும்பி வந்தது பதினெட்டுக் கிலோ. நேற்று மூன்றரை! தராசு முள்ளை அவள் இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். பிறகு பட்டியலை எடுத்து என் பெயரைத் தன் கையால் எழுதினாள்.

பரீட்சை எழுதப் போகிறேன் மச்சான். கேன்டீனை என்ன செய்யப் போகிறீர்கள்?

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 25

மாப்பிள்ளை,

வயிற்றில் பால் வார்த்தாய். உன் கடிதத்தை உன் மனைவிதான் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மூன்றரைக் கிலோ என்றதும் பொடிசு எதற்கென்றே தெரியாமல் குதித்தாள்.

அதற்கு முன்னாலேயே என் தங்கையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு நாலு வருஷமாவே தெரியும்ணே. ஒருநாள் காபியில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன், நல்லாருக்குன்னு சொல்லிக் குடிச்சே." அவளும் வாயைத் திறக்கவில்லை. நம் குடும்பத்தில் எல்லோரும் ரகசியத்தில் கெட்டிக்காரர்கள்.

அவள் கேன்டீனுக்கு வந்து ருசி பார்க்க ஆரம்பித்தாள். சாப்பாடு பழையபடி ஆனது. ஆனால் நீ ஜெயித்தால் அவள் போய்விடுவாள். மறுபடி நான் யார் முகத்தைப் பார்ப்பது? இரண்டு நாள் யோசித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நீ தோற்றால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் பலகை எழுதி வாசலில் மாட்டினேன்:

'இங்கே சமைப்பவருக்கு ருசி தெரியாது. தினமும் முதலில் வரும் ஐந்து பேர் அடுப்படிக்கு வந்து ருசி பார்த்துக் குறை சொல்ல வேண்டும்.'

மாட்டிவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். ஒருவனும் வரமாட்டான் என்று நினைத்தேன். சங்கு ஊதியதும் மில்லே ஓடி வந்தது மாப்பிள்ளை! குறை சொல்வதற்கு நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஐந்து பேர் கேட்டேன், நாற்பது பேர் அடுப்படியில் நிற்கிறார்கள். "உப்பு பத்தல." "யோவ், சரியாத்தான் இருக்கு, உன் நாக்குதான் சரியில்ல." பாய்லர்காரரும் கணக்குப்பிள்ளையும் காரத்துக்காகப் பேச்சு வார்த்தை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு டப்பா கொண்டு வந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒன்பது வருடம் நான் எதற்காக ஒளிந்தேனோ அதை வாசலில் எழுதிப் போட்டேன், கூட்டம் தாங்கவில்லை.

போய்ப் பரீட்சையில் ஜெயித்து வா. இப்போது முழு மனசோடு சொல்கிறேன்.

மச்சான்


அக்டோபர் 9

மச்சான்! மச்சான்! மச்சான்!

ஜெயித்தாயிற்று.

மூன்று பேர் நீதிபதிகள் மாதிரி மேஜைக்குப் பின்னால். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எனக்கு வந்தது குழம்போடு வறுத்த இறைச்சி. நீலச் சீட்டு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். இறைச்சியை நான் இங்கே வந்து தொட்டதே இல்லை. ஒன்றரை மணி நேரம்தான் அவகாசம்.

மூக்கு வாசம் சொன்னது. நாக்கு கணக்குச் சொன்னது. முதல் ஸ்பூனில் கசப்பு, தீயைக் குறைத்தேன். நாலாவது ஸ்பூனில் உப்பு எட்டவில்லை. ஏழாவதில் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. கடிகாரம் ஓடுகிறது. கண்ணை மூடினேன். வெங்காயத்தின் இனிப்பு! ஓடிப்போய் வதக்கிச் சேர்த்தேன். எட்டாவது ஸ்பூன் வாய்க்குப் போனதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நடுவில் இருந்தவர் ஒரு வாய் சாப்பிட்டார். பேனாவை எடுத்தார். எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வாய் சாப்பிட்டார். போதுமா மச்சான்? பரீட்சை எழுதிய பதினோரு பேரில் இரண்டாவதாகத் தேறியிருக்கிறேன். பட்டியல் ஒட்டியதும் ரொட்டிக்காரர் என்னைத் தூக்கிவிட்டார், அந்த வயதில். முப்பது வருடத்துக்கு முன்னால் அவரும் இந்தப் பரீட்சை எழுதித்தான் மனைவியை அழைத்துக்கொண்டாராம். தராசு வந்து, "உன் மச்சானுக்கு எழுது" என்றாள். "என்ன எழுதட்டும்?" என்றேன். "அந்த ஆள் ருசி தெரியாமலேயே ஒரு சமையல்காரனை உருவாக்கிட்டாரு. எனக்கு ருசி தெரிஞ்சும் இன்னும் நாலு பேர் உருப்படல" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன், என் சரக்கு ஒன்றும் இல்லை.

அனுமதிக் காகிதங்கள் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. இரண்டு. உங்கள் தங்கை பெயரில் ஒன்று, பொடிசு பெயரில் ஒன்று. இரண்டு அறை வீடு பார்த்துவிட்டேன். சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது.

மாப்பிள்ளை


டிசம்பர் 2

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. காலையில் அவர்களை ஏற்றிவிடப் போகிறேன். கிளம்புகிற அவசரத்தில் அடுப்படியில் நின்றபடியே எழுதுகிறேன். என் தங்கை பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "தனியாச் சமாளிப்பியாண்ணே?" என்று பத்தாவது தடவையாகக் கேட்கிறாள். "தனியா எங்கே இருக்கேன்? நாப்பது நாக்கு இருக்கு எனக்கு" என்று சொல்லி அனுப்புகிறேன். அழுகை வருகிறதுதான். வரட்டும், மறைத்து வைத்துப் பழகிய காலம் போய்விட்டது. ஆனால் மனசு நிறைந்திருக்கிறது. நாம் இரண்டு பேருமே ஜெயித்துவிட்டோமடா.

இதை உன் மனைவிதான் உன் கையில் தருவாள். அப்படியென்றால் நீ இந்த வரியைப் படிக்கும்போது அவள் உன் எதிரில் நிற்கிறாள். குழந்தை உன் காலைக் கட்டிக்கொண்டிருப்பாள். முன் பற்கள் இரண்டும் முளைத்துவிட்டன, சிரிக்கச் சொல்லிப் பார்.

என்ன, இன்னும் படித்துக்கொண்டா நிற்கிறாய்? ஒரு நாள் முழுக்க வழியில் ஒன்றும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவர்களுக்குச் சோறு போடு.